குதிரை இல்லாத குதிரைச் சங்கம்

போன சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு மாணவர். நான் படித்த அதே கால்நடைக் கல்லூரியில்தான் அவரும் படிக்கிறாராம். அங்கே மாணவர்களின் கால்நடை - குதிரைச் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம். பழைய உறுப்பினர் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம்.

"உங்க காலத்துல சங்கத்தோட முக்கியமான சாதனை என்ன சார்?" என்று கேட்டார்.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. 'உங்க காலத்துல' என்று யாராவது சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கிறது. அதை விடுங்கள். சாதனை என்று எதைச் சொல்வது? இப்போது சங்கத்துக்குச் சொந்தமாகவே குதிரைகள் இருக்கின்றனவாம். வாங்கிய கோப்பைகளை வைக்க அலமாரி போதவில்லையாம். எங்கள் காலத்தில்... (நானே சொல்லிவிட்டேன், பாருங்கள்) சங்கத்தின் பெயரில் மட்டும்தான் குதிரை இருந்தது.

மற்றபடி அது சுறுசுறுப்பான சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணைக்குப் போய் மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். நாலு பசுக்களை வரிசையாக நிறுத்தி, எது முதல், எது கடைசி என்று மார்க் போடுவோம். ஏன் அப்படிப் போட்டோம் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருவன் மடியைப் பார்ப்பான், இன்னொருவன் முதுகைப் பார்ப்பான். சண்டை டிபன் வரைக்கும் நீளும். பால் கறக்கும் போட்டி உண்டு. ஆனேக்கல் பக்கத்து மாட்டுச் சந்தைக்கு லாரியில் போய் வருவதும் உண்டு. ஆனால் குதிரை? உடற்கூறு வகுப்பில் கம்பியால் கட்டி நிறுத்திய ஓர் எலும்புக்கூடு. அவ்வளவுதான்.

சங்கத்துக்குப் பொறுப்பாக இருந்த புரொபசர் கன்னடக்காரர். சாது. ஒரு கூட்டத்தில் மெதுவாகச் சொன்னார் - ஆண்டு விழாவுக்குள் ஒரு குதிரையைக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பெயரிலிருந்து குதிரையை எடுத்துவிடுவோம், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று.

உடனே செயலாளர் செல்வராஜ் எழுந்து, குதிரை வரும் சார் என்றான். செல்வராஜ் கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆறடி உயரம், கணீரென்ற குரல். ஆனால் அவனும் என்னைப் போலவே குதிரை மேல் ஏறியதே இல்லை. எங்கிருந்து வரும் என்று அவனுக்கே தெரியாது.

தேடினோம். பந்தயக் குதிரை வளர்க்கிறவர்கள் எங்களைக் கேட்டுக்குள் விடவில்லை. ஒரு பெரிய மனிதர் டீ கொடுத்து, குதிரைகளின் குணாதிசயங்கள் பற்றி வெகு நேரம் பேசி, வெறுங்கையோடு அனுப்பினார். சோர்ந்துபோய் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒக்கலிபுரம் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு சந்தில், வீட்டு வாசலில் சிவப்பு நிறப் பெண் குதிரை ஒன்று கட்டியிருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பக்கத்தில் ஒரு ஜட்கா வண்டி முன்பக்கம் தரையில் இடிக்கச் சாய்ந்து கிடந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு ஒருவர்.

அவர்தான் முனுசாமி. ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுகிறவர். ஒரு லாரி உரசி, வண்டி கவிழ்ந்து, முழங்கால் நொறுங்கிவிட்டது. அவருக்கே சோறு தடுமாறும்போது குதிரைக்குக் கொள்ளு எங்கிருந்து வரும்?

செல்வராஜ் சட்டென்று விஷயத்தைச் சொன்னான். கால் சரியாகும் வரை குதிரை எங்களிடம் இருக்கட்டும். தீனியும் வைத்தியமும் கல்லூரிப் பொறுப்பு. பதிலுக்கு நாங்கள் அதில் சவாரி பழகிக்கொள்கிறோம். முனுசாமி எங்களை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி கன்னியம்மா வந்து குதிரையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவாள்.

குதிரையின் பெயர் துரைசானி. கண்டோன்மென்ட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கொட்டகையில் பிறந்ததாம்.

ஆக, குதிரை வந்துவிட்டது. சேணம் ஒன்றை இரவல் வாங்கினோம். சவாரி ஆரம்பமானது... என்று எழுத ஆசைதான். ஆனால் துரைசானி பிறந்ததிலிருந்து வண்டிக்குதிரை. முதுகில் ஒரு மனிதன் உட்காருவான் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. ஏறியவர்களையெல்லாம் அது கோபமில்லாமல், நிதானமாகக் கீழே இறக்கிவிட்டது. செல்வராஜ்தான் அதிகம் விழுந்தான். உயரம் அதிகமென்பதால் பார்க்கவும் நன்றாக இருந்தது.

போதாததற்கு இன்னொரு பழக்கம். யார் கையிலாவது மூட்டையோ பையோ இருந்தால் அவர் பக்கத்தில் போய் நின்றுவிடும். சவாரி கிடைத்துவிட்டதென்ற நினைப்பு. ஒரு நாள் புரொபசர் குடையும் தோல் பையுமாக வந்தார். துரைசானி நேராக அவரிடம் போய் நின்றது. தள்ளினோம், இழுத்தோம். நகரவில்லை. புரொபசர் சிரித்துவிட்டார். இது வண்டியைத் தேடுகிறது, வண்டியையே கொண்டு வாருங்கள் என்றார்.

அப்படித்தான் முனுசாமியின் ஜட்காவும் கல்லூரிக்கு வந்தது. சவாரிக்குப் பதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தோம். அதிலும் நாங்கள் சோபிக்கவில்லை. பண்ணை ரோட்டில் சாக்கடை ஒரு பக்கம்தான். எங்கள் சக்கரம் எப்படியோ அந்தப் பக்கமே போகும்.

கன்னியம்மா அக்கா ஞாயிறு தவறாமல் வருவார். முப்பது வயதிருக்கும். வடாற்காடு பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தலையில் ஒரு புல்லுக்கட்டு. நாங்கள் வேண்டிய அளவு தீனி போடுகிறோம் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். குதிரையைத் தடவிக்கொடுத்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் சாக்கடையில் இறங்குவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாவுக்கட்டு பிரித்த வாரம் அவர் புல்லுக்கட்டு இல்லாமல் வந்தார். மரத்தடியில் உட்காரவும் இல்லை. செல்வராஜும் நானும் போய் என்னவென்று விசாரித்தோம். கால் கூடிவிட்டது, ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜட்காவின் முன்பலகையில் காலை மடக்கி உட்காராமல் எப்படி ஓட்டுவது? ஏறுகிற ஒவ்வொருவருக்கும் இறங்கிப் பெட்டி தூக்கி ஏற்றாமல் எந்தச் சவாரி வரும்? அத்திபெலேயிலிருந்து ஒரு ஆள் குதிரையையும் வண்டியையும் சேர்த்து விலைக்குக் கேட்கிறானாம். உங்கள் விழா முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறானாம்.

கன்னியம்மா கொஞ்ச நேரம் துரைசானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வூட்டுல பாத்திரம் தேய்க்கலாம் தம்பி. தேய்ப்பேன், அதுல ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு வாட்டி நானு லகானப் புடிச்சிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

செல்வராஜ் லகானை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

உடனே அவர் ஜம்மென்று ஓட்டிக் காட்டினார் என்று நினைக்காதீர்கள். அவர் குதிரைக்குத் தீனி வைத்தவரே தவிர, ஓட்டியவரில்லை. முதல் நாள் லகானை இழுக்கவே பயந்தார். இழுத்தால் துரைசானிக்கு வலிக்குமாம். அதனால் வாயாலேயே சொல்லிப் பார்த்தார்... இந்தப் பக்கம் வாம்மா, அந்தப் பக்கம் போம்மா என்று. துரைசானி தன் இஷ்டப்படி புரொபசரின் பூச்செடிப் பாத்தியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

புரொபசர் வெளியே ஓடி வந்தார். பூவைப் பார்த்தார். லகானை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் கன்னியம்மாவைப் பார்த்தார். செல்வராஜ் புரொபசரைத் தனியே அழைத்துப்போய் முனுசாமியின் முழங்கால் விஷயத்தைச் சொன்னான். அடுத்த ஞாயிறு முதல் புரொபசரே திருப்பத்தில் வந்து நின்றுகொண்டார். "எடக்கே... எடக்கே..." என்று கன்னடத்தில் இடது பக்கம் காட்டுவார். அவருக்குத் தமிழ் வராது, கன்னியம்மாவுக்குக் கன்னடம் அரைகுறை. ஆனாலும் அந்தப் பூப்பாத்தியோடு சேதம் நின்றது.

எங்களுக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நாங்கள் டிபனுக்கு நேரமானால் விட்டுவிடுவோம். கன்னியம்மா விடமாட்டார். உள்ளங்கையில் தோல் உரிந்தால் துணியைச் சுற்றிக்கொள்வார். ஒரு ஞாயிறு எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பண்ணையைச் சுற்றி வந்தார். சக்கரம் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை.

ஆண்டு விழா ஊர்வலத்தில் நீங்கள்தான் ஜட்காவை ஓட்ட வேண்டும் என்று செல்வராஜ் கன்னியம்மாவிடம் சொன்னான். முனுசாமியையும் அழைத்திருந்தோம். அவருக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. கன்னியம்மா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு அவரே சொன்னார்:

"வூட்டுல வச்சிச் சொன்னா வேணாம்பாரு. கண்ணால பாத்துட்டா இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்."

விழா நாள். முனுசாமி முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நான். சிந்திப் பசுக்கள் போயின. ஹள்ளிகார் காளைகள் கொம்பில் வர்ணத்தோடு போயின. கடைசியாக ஜட்கா. துரைசானி மினுமினுவென்று இருந்தது. முன்பலகையில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னியம்மா.

முனுசாமியின் கை ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தது. எழுந்து போய்விடுவாரோ? எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவாரோ? அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைப் பார்த்தார். குதிரையின் காலைப் பார்த்தார். வண்டி நேராக எங்கள் முன்னால் வந்து நின்றது.

"லகான இம்மாம் இறுக்கிப் புடிச்சா அதுக்கு வாய் புண்ணாவாதா?" என்றார் முனுசாமி.

"அப்ப நீயே பக்கத்துல குந்திக்கினு சொல்லேன்" என்றார் கன்னியம்மா.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தோம். மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு அவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். சுற்றி வரும்வரை ஏதோ குறை சொல்லிக்கொண்டே வந்தார். கன்னியம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

அத்திபெலே ஆள் சொன்னபடி வந்தான். விற்பதற்கில்லை என்று முனுசாமி திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி லைசென்ஸ். புரொபசரே எங்களோடு ஆபீசுக்கு வந்தார். குமாஸ்தா தடித்த புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெண்கள் ஜட்கா ஓட்டக் கூடாதென்று எங்கேயும் விதி இல்லை. ஓட்டுவார்கள் என்று யாருக்காவது தோன்றியிருந்தால்தானே விதி எழுதியிருப்பார்கள்?

ஸ்டேஷன் ஸ்டாண்டில் முதல் நாள். மற்ற வண்டிக்காரர்கள் கன்னியம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த முனுசாமியிடம் போய்த்தான் முணுமுணுத்தார்கள். ரயில்கள் வந்தன. ஜனங்கள் வெளியே வந்தார்கள். முன்பலகையில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். கன்னியம்மாவின் முறை வருவதும் போவதுமாக இருந்தது.

எங்களிடம் ஒரு திட்டம் இருந்தது. நான், செல்வராஜ், இன்னும் சில சங்க உறுப்பினர்கள் - ஆளுக்கொரு காலிப் பெட்டியோடு வந்திருந்தோம், வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் மாதிரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மாவின் வண்டியில் ஏறினோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எறங்குங்க தம்பி. நீங்க ஏறினா அது சவாரி இல்ல" என்றார்.

இறங்கினோம். வேறென்ன செய்ய?

அப்புறம்தான் மெட்ராஸ் ரயில் வந்தது. கூட்டத்தோடு ஒரு அம்மாள் வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, கூலியின் தலையில் டிரங்குப் பெட்டி. கூட ஆண் துணை இல்லை. அழைத்துப் போக யாரும் வரவில்லை போலிருக்கிறது. முகத்தில் கலவரம். வண்டி வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கன்னியம்மாவைப் பார்த்ததும் நின்றார். நேராக அவரிடம் போய் மல்லேஸ்வரம் வருவாயா என்று கேட்டார்.

கன்னியம்மா தன் முறை தாண்டிவிட்டது, இப்போது முன்னால் நிற்கும் பாயின் முறை என்று கையைக் காட்டினார்.

"இல்லம்மா, நான் உன் வண்டியிலதான் வருவேன்" என்றார் அந்த அம்மாள். குழந்தையை ஏற்கெனவே வண்டிக்குள் ஏற்றிவிட்டிருந்தார்.

எல்லோரும் பாயைப் பார்த்தோம். வெள்ளைத் தாடி வைத்தவர், அந்த ஸ்டாண்டிலேயே மூத்தவர். காலையிலிருந்து முணுமுணுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் பீடியைக் கீழே போட்டார். வந்தார். கூலியிடமிருந்து டிரங்குப் பெட்டியை வாங்கித் தன் கையாலேயே கன்னியம்மாவின் வண்டியில் ஏற்றி, முன்னால் நகர்த்தி, பாரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்தார்.

"போம்மா. கொழந்தைங்க இருக்குது, மெதுவா போ" என்றார்.

ஜட்கா கிளம்பிற்று. முனுசாமி ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயோடு டீக்கடைக்குப் போனார். எங்களை மறந்தே போய்விட்டார். அதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

இன்ன வேலை இன்னார்தான் செய்யலாம் என்று நாம் ஊர்ப்பட்ட விவாதம் பண்ணுகிறோம், இல்லையா? அதை உண்மையில் தீர்மானிக்கிறவர் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்தான்.

நாங்கள் காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம் - கண்டக்டர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.