நாலாவது இலை மூசாவுக்கு

தேவயானி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள் என்பது, புத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் மகாளய அமாவாசைப் படையல் நடந்தது. வீட்டில் செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கொரு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவார்கள். காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் சாப்பிடலாம். கணவனின் பாட்டன் கங்கையாவுக்கு வடையும் சுருட்டும், பாட்டிக்கு வெற்றிலையும் பாயசமும், அற்பாயுசில் போன ஓர் அத்தைக்குத் தேங்காய் பர்பி. நாலாவது இலையில் மிளகாய்த்தூள் போட்டு வறுத்த வேர்க்கடலை ஒரு குவியல் இருந்தது.

"இந்த எலை யாருக்கு மாமா?" என்று புதுப்பெண் கேட்டாள்.

"மூசாவுக்கும்மா" என்றார் மாமனார் அப்பாவு.

"அவுரு நமக்கு என்னா மொறை வேணும்?"

மாமியார் முறைத்தாள். அப்பாவு மட்டும் கோபப்படாமல் யோசித்தார். "மொறை ஒண்ணும் இல்லம்மா. ஆனா அவுரு இல்லன்னா நம்ம ஊட்ல யாருமே இல்ல" என்றார்.

பெரிய சண்டையின்போது கங்கையா பர்மா எல்லைக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்க இல்லை. பட்டாளத்துக்குப் பாதை வெட்ட. அங்கே காட்டுக்குள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்துகொண்டு போவார்கள். அதில் ஒருவர்தான் மூசா. மூசாவுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. கங்கையாவுக்கோ அந்த இரண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் இரண்டு பேர் ஊரிலும் விளைவது வேர்க்கடலை. யார் மடியில் கடலை இருந்தாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து உடைத்துத் தின்பார்கள். மிளகாய்த்தூள் போட்டுத் தின்னலாம் என்று காட்டிக்கொடுத்தது மூசாதான் என்று கங்கையா சத்தியம் பண்ணுவார். சித்தூர் ஜில்லாக்காரனுக்கு மிளகாய் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் கடல் தாண்டி வர வேண்டியிருந்ததா என்று தேவயானிக்கு இன்றுவரை சந்தேகம்.

ஒரு நாள் கங்கையாவின் முழங்காலில் குண்டு பாய்ந்தது. மூசா தலைச்சுமையை அப்படியே காட்டில் போட்டுவிட்டு, கங்கையாவை முதுகில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சேர்த்தார். மறுநாள் காலையில், போட்டுவிட்டு வந்த சுமையை எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. கங்கையா ஊருக்கு வந்து, புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு, கல்யாணம் பண்ணி அப்பாவுவைப் பெற்றார். காலைச் சரிசெய்த பெருமையைக் கட்டுப் போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூசாவுக்கு எங்காவது பேர் பொறித்துக் கல் நட்டிருக்கிறார்களா என்பது யாருக்கும் தெரியாது. புத்தூர்ப் பக்கம் அவருக்கு இருந்தது ஒரு வாழையிலை.

அப்பாவு கடைசியாகப் படுத்த படுக்கையில் மகன்களைக் கூப்பிடவில்லை, மருமகளைத்தான் கூப்பிட்டார். "பசங்க மறந்துடுவாங்கம்மா. நீதான் எதையும் விடாம பேசிக்கினே இருப்ப. மூசா எலையப் பாத்துக்கோ" என்றார். தன் வாயை ஒருவர் நல்ல காரியத்துக்கு நம்பியது அதுவே முதல் தடவை என்பதால் சரி என்று தலையாட்டும்போதே தேவயானி அழுதுவிட்டாள்.

அன்றிலிருந்து இலை நிற்கவில்லை. இடையில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூசா தொழுகை பண்ணுகிற ஆள் என்று கங்கையா சொல்லியிருந்தாராம். புத்தூரில் கறிக்கடை பாயிடம் போய், "படையல் வெச்சா உங்காளுக்குப் போய் சேருமா பாய்?" என்று நேராகவே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "அவர் பேர்ல நாலு பேருக்குத் துன்னக் குடும்மா" என்றார். அதனால் படையல் முடிந்ததும் மூசாவின் கடலை தெருவில் போகிறவர் வருகிறவர் கைக்கெல்லாம் போகும். வேண்டாம் என்று சொன்னவர்கள் அவள் வாயில் விழுந்தார்கள்.

இந்த வருஷம் வில்லங்கம் கொழுந்தன் லோகேஸ்வரன் ரூபத்தில் வந்தது. திருப்பதியில் பிளாட் வாங்கிக் குடிபோனதிலிருந்து அவனுக்குப் பக்தி முற்றிவிட்டது. நெற்றி கொள்ளாத நாமம். போனில் கூப்பிட்டான்.

"அண்ணி, இனிமே ஊட்ல எலை போடறதெல்லாம் வேணாம். இங்க மலையடிவாரத்துல, கபில தீர்த்தத்துல முறைப்படி பண்ணிடலாம், ஐயருகிட்ட சொல்லிட்டேன். அண்ணனுக்கும் சரியாம்."

"மூசாவுக்கு?"

"கோத்திரம் இல்லாதவங்களுக்கெல்லாம் எப்டி அண்ணி குடுக்கறது? நாலு பேர் முன்னால மானத்த வாங்காதீங்க."

தேவயானி போனை வைத்துவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த கணவன் கோவர்த்தனன் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டார். தம்பி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் அவர். அவள் கத்தினால் தாங்கிக்கொள்வார், பேசாமல் இருந்தால் பயப்படுவார். மாமாவிடம் சரி என்று தலையாட்டிய நாள் அவள் கண்முன் நின்றது. தர்ப்பணம் விடுவது ஆண்கள் காரியம், அவளுக்கு அங்கே வாயும் கிடையாது, கையும் கிடையாது. ஆனால் அரிசி, எள் மூட்டை கட்டுவது யார்?

அமாவாசையன்று கபில தீர்த்தத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். புரோகிதர் அவசரத்தில் இருந்தார். அண்ணனும் தம்பியும் ஈர வேட்டியோடு எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கோத்ரம்?" என்றார் புரோகிதர்.

லோகேஸ்வரன் அண்ணனைப் பார்த்தான். கோவர்த்தனன் அருவியைப் பார்த்தார். கடலையும் மாங்காயும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் யாரும் அதுவரை கோத்திரம் கேட்டதில்லை.

"சொல்லு தம்பி, ஐயர் காத்துக்கினு இருக்காரு இல்ல" என்றாள் தேவயானி, தேன் ஒழுக.

"தெலியதா? பர்வாலேது, காசியப கோத்ரம்" என்று புரோகிதர் கையசைத்தார். தெரியாதவர்கள் எல்லாருக்கும் அதுதான் என்று தமிழிலும் சொல்லி வைத்தார். லோகேஸ்வரனின் நாமம் வியர்வையில் இறங்கியது. அப்பாவு, கங்கையா, அவர் அப்பா என்று எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்தார்கள்.

"சிநேகிதர், உபகாரம் பண்ணவங்க, செய்ய ஆளில்லாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல சாமி" என்றான் லோகேஸ்வரன்.

புரோகிதர் அடுத்த எள்ளுப் பொட்டலத்தைப் பிரித்தார். கடலைகள் உருண்டு படியெல்லாம் ஓடின. மிளகாய்த்தூள் வாசனைக்கு அவருக்கு ஒரு தும்மல் வந்தது.

"எள்ளுல ஏம்மா வேர்க்கடலை?"

தேவயானி மலையுச்சியில் ஏதோ தேடினாள். "அண்ணி!" என்று பல்லைக் கடித்தான் லோகேஸ்வரன். புரோகிதர் கேட்டால் இன்னது சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் வேறு குரல் கேட்டது.

"மூசாவுக்கு சாமி" என்றார் கோவர்த்தனன். "எங்க தாத்தாவ முதுகுல தூக்கினு வந்தவரு. சண்டைல பூட்டாரு. அவருக்கு வேற யாரு இருக்காங்கன்னு தெரியாது. நாங்க இருக்கோம்."

தம்பி எதிரில் அந்த மனிதர் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

"கோத்ரம் தெலுசா?"

இந்தத் தடவை இரண்டு பேரும் அருவியைப் பார்த்தார்கள்.

"ஸரே, காசியபமே" என்றார் புரோகிதர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "காசியப கோத்ரஸ்ய, மூசா நாமதேயஸ்ய..."

கோவர்த்தனன் கையை நீட்டினார். லோகேஸ்வரன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, "தாத்தாவத் தூக்கறதுக்காகப் போட்ட சொமைய எடுக்கத்தான போனாரு" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, அண்ணன் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் நீட்டினான். எள்ளும் தண்ணீரும் மூசாவுக்கு இறங்கின.

படியேறும்போது தேவயானிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ. இனிமே மூசா ஊட்ல பொண்ணு எடுக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. ஒரே கோத்திரம். பங்காளி ஆயிட்டாங்க."

லோகேஸ்வரன் முறைக்கத்தான் பார்த்தான், சிரிப்பு முந்திக்கொண்டது. குனிந்து படியில் கிடந்த ஒரு கடலையை எடுத்து ஊதி வாயில் போட்டான். "அடுத்த வருஷம் ஊட்லயே எலை போடுங்க அண்ணி. நான் வந்துடறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, மீதிக் கடலையைத் தெருவில் போனவர்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். பிறகு மாமனார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"மொறை ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே மாமா" என்றாள். "இருக்குது. உங்களுக்குப் பெரிப்பா வேணும்."