அப்பா ஊற்றிய கொதிநீர்

நாற்றுப் பண்ணைக்காரம்மா கொதிக்கிற தண்ணீரை எடுத்துக் கொன்றை விதைகள்மேல் ஊற்றினார். "ஐயோ, வெந்துபோயிடும்!" என்று கத்தியேவிட்டேன்.

"வேவாதும்மா. தோலு கல்லு மாதிரி இருக்குதில்ல? சுடுதண்ணி பட்டாதான் எளகி மொளைக்கும்," என்றார் அவர்.

எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார்.

அறுபதுகளில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுவார். ஐயம்பேட்டையில் அம்மாவின் பிறந்த வீட்டுக் கொன்றை புயலில் சாய்ந்தது. அதன் கடைசிக் காயை உடைத்து, விதைகளைச் சொம்பில் ஊறப்போட்டிருந்தாள் அம்மா. சாய அடுப்பின் ஆவியில் கண் தெரியாமல், சாயப்பொடி போட்டுவைத்த சொம்பு என்று நினைத்து, அப்பா அதில் கொதிநீரை மொண்டு ஊற்றிவிட்டார்.

"எங்க வூட்டு மரத்தையே வேகவெச்சிட்டீங்களே!" அம்மாவின் அலறலில் தெருவே கூடிவிட்டது.

மனம் கேளாமல் அவள் அந்த விதைகளைக் கிணற்றோரம் புதைத்தாள். ஒன்றே ஒன்று முளைத்து மரமானது. சித்திரையில் அது மஞ்சளாய்ப் பூக்கும் போதெல்லாம், "உங்க கைக்குத் தப்பிச்சது இது ஒண்ணுதான்," என்பாள். நூலை உதறிக்கொண்டிருக்கும் அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

"அன்னிக்கு ஆவியில தெரியலம்மா," என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொல்வார். நானும் சிரிப்பேன்.

சாகும்வரை அந்த மரத்தடியில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

பண்ணைக்காரம்மா விதைகளை மூடிவைத்துவிட்டு, "எத்தினி கன்னும்மா வேணும்?" என்றார். "எங்கப்பா பேருக்கு ஒண்ணு," என்றேன்.