பீளமேட்டுக்காரர் மேல் இருந்த கோபம்

வீட்டில் இருந்தபடியே இத்தனை வருடம் எப்படிச் சோம்பாமல் வேலை செய்தீர்கள் என்று கேட்பவர்களிடம் மன உறுதி, திட்டமிடல் என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மை வேறு. ஒரு மனிதரின் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஆசைதான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில், எந்திர பாகங்களுக்குப் படம் வரையும் பிரிவில் இருந்தேன். அந்த மனிதர்தான் பிரிவின் தலைவர். மகள் பிறந்த பிறகு, கொஞ்ச காலம் வேலையை வீட்டுக்கு எடுத்துப் போய் வரைந்து தரட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிரிவு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"ஊட்ல உக்காந்தா தூக்கந்தானுங்க அம்மணி வரும். ரெண்டே நாள்ல டிராயிங் போர்டுல வடகம் காயப்போட்டுருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைத் தோழியும்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, 'ங்க' போட்டுத்தான் அவமானப்படுத்தினார். அன்று சாயந்தரமே வேலையை விட்டேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய டிராயிங் போர்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த லேத் பட்டறைகளில் ஏறி இறங்கி வேலை பிடித்தேன். முதல் வாரம் கோபத்திலேயே ஓடியது. ஒவ்வொரு கோட்டையும் அவரை நினைத்துக் கருவிக்கொண்டேதான் இழுத்தேன்.

ஆனால் கோபமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப்போகிறது. போதாததற்கு முகூர்த்த மாதம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையைத் தம்பதியாக நேரில் வந்து வைப்பார்கள். வந்தவர்களை எழுந்து "வாங்க" என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் சொந்தமே விட்டுப்போகும். பகலில் மருமகள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் உறவு மொத்தமும் பகலிலேயே வந்தது. பென்சிலை வைப்பதும் காபி போடுவதுமாகவே பொழுது போயிற்று. பட்டறைக்காரர் படம் எங்கே என்று சத்தம் போட்டார்.

ஒரு நாள் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பினால் முன்னறையில் போர்டைக் காணோம். மொட்டைமாடியில் இருந்தது. மாமியார் அதன்மேல் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து வைத்திருந்தார்.

"சும்மாதான கெடந்துச்சு கண்ணு. நல்லா சமமா இருக்குதேன்னு எடுத்துப்போட்டேன்."

அந்த ஆள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. எனக்கு மாமியார் மேல் கோபம் வரவில்லை. பீளமேட்டில் அவர் சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது. மாவு ஊறிய பலகையைச் சுரண்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் கம்பெனிக்குப் போவதுபோலவே கஞ்சி போட்ட சேலை கட்டி, செருப்பும் மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் பதறிப்போனார்.

"செருப்புக் கால்ல இருக்கற வரைக்கும் நான் ஊட்ல இல்லைங்க அத்தை" என்றேன்.

பத்திரிகை வைக்க வந்த நாத்தனாரைக்கூட நான் எழுந்து "வாங்க" என்று கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் அவர் எனக்கு முகம் கொடுக்கவே இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்த மாமியார், பிறகு தானே வாசலுக்குப் போய், "அவ வேலைல இருக்கறாளுங்க, நீங்க உள்ற வாங்க, நான் காப்பி வெக்கறேன்" என்று சமாளிக்க ஆரம்பித்தார். எனக்குக் கண் சொருகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். தூக்கம் ஓடிவிடும்.

சில வருடங்களில் பட்டறைக்காரர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பீளமேட்டுக் கம்பெனியிலோ கம்ப்யூட்டர் வந்து, படப்பிரிவை மூடிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"ஏதாச்சும் வேலை இருந்தாக் குடுங்க அம்மணி, ஊட்ல உக்காந்தே வரைஞ்சு தாரேனுங்க" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆனா உங்களால எப்படிங்க முடியுது? எனக்குக் காலைல பத்து மணிக்கே தூக்கம் வந்துருதுங்க" என்றார்.

"உங்க மேல இருக்கற கோவந்தானுங்க சார்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். எத்தனையோ மத்தியானங்களில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை.

"நான் என்னுங்க பண்ணுனேன்?" என்றார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எனக்கு அப்படிக் கோவப்படறதுக்கும் ஆள் இல்லைங்களே" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வேலை கொடுத்தேன். சொன்ன நாள் தாண்டித்தான் கொண்டுவந்தார். அப்போது முன்னறையில் இரண்டு பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படத்தை விரித்தேன். ஓரிடத்தில் அளவு விட்டுப்போயிருந்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்! அவர்கள் காதில் விழும்படி சிரித்தேன்.

"என்னுங்க சார், தூங்கிட்டே வரைஞ்சீங்களா?"

பட்டறைக்காரர்களும் சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோயிற்று. படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

திருத்திய படமும் அடுத்த படமும் சொன்ன நாளுக்கு முன்பே வந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாமியார் கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. என்னையே பார்த்தபடி நின்றார். ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு அளவாக வைத்துப் பார்த்தேன். ஒரு தப்பாவது இருக்காதா என்று மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"அடுத்த வேலையக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

கோபப்பட அவருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. வயிறெரிய எடுத்துக் கொடுத்தேன்.