கடல் பக்கமாய்த் திருப்பிய கோபுரம்

லேசர் கருவியால் கட்டடங்களை அளந்து, அதில் கிடைக்கும் கோடிக்கணக்கான புள்ளிகளைத் திரையில் முப்பரிமாணமாய் விரித்துக் காட்டுவது என் தொழில்: அளக்க அரை நாள், காட்டிப் புரியவைக்க அரை ஆயுள். வாடிக்கையாளரைத் திரைக்கு முன் இருத்தி முழி பிதுங்கியவர்களே, இது உங்களுக்குத்தான்.

உச்சியில் சிவப்பு

யாழ்ப்பாணக் கரையோரம் ஒரு கத்தோலிக்கக் கோயில். அதன் பழைய மணிக்கோபுரத்தை வைத்திருப்பதா, இடிப்பதா என்று முடிவெடுக்கப் பங்குச் சபையார் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். நான் திரையில் உயரத்துக்கேற்ப நிறம் கொடுத்திருந்தேன்: அடி நீலம், நடு பச்சை, உச்சி சிவப்பு. சபைத் தலைவர் பார்த்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உச்சி முழுக்கச் சிவப்பு. அப்ப விழப்போகுதெண்டு சொல்லுது, என்ன?"

சுண்ணாம்பு நிறம்

அது உயரம்தான், ஆபத்தில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். எடுபடவில்லை. சட்டென்று நிறத்தைக் கோபுரத்தின் இயல்பான சுண்ணாம்பு வெள்ளைக்கு மாற்றினேன். கூட வந்த அக்கா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வருத்தக்காரனுக்குப் பவுடர் பூசினாச் சுகம் வந்திடுமோ?"

பெரிய புள்ளி

அடுத்த கூட்டத்துக்கு நான் தயாராய் இருந்தேன். புள்ளியின் பருமனைக் கூட்டினால் இடைவெளிகள் மூடிக்கொண்டு சுவர் வழுவழுவென்று தெரியும். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கோபுரம் தப்பியது என்று எனக்கும் சந்தோஷம்.

எல்லாரும் கலைந்தபோது, சபையில் இருந்த மீனவர் மரியதாஸ் அண்ணை மட்டும் எழும்பவில்லை. கடலிலிருந்து அந்தக் கோபுரத்தைக் குறி பார்த்துத்தான் அவர் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவருவார். அது நிற்கவேண்டும் என்று அவரைப்போல் ஆசைப்பட்டவர் அங்கே யாருமில்லை.

"கடல் பக்கத்திலை ஒரு வெடிப்பு இருக்கு, தம்பி. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். உங்கடை படத்திலை அதைக் காணேல்லையே?"

சின்னப் புள்ளி

புள்ளியைச் சிறிதாக்கினேன். மணிக்குக் கீழே தொடங்கி அடிவரை ஓடியது வெடிப்பு. வெட்கமாய்ப் போயிற்று. பொறியியலாளர் வந்து பார்த்தார்; கோயில் திருநாளுக்கு முன்பே கோபுரத்தை இடித்து இறக்கிவிட்டார்கள்.

இப்போதும் மரியதாஸ் அண்ணை சந்தைக்கு வந்தால் என் அலுவலகத்துக்குள் எட்டிப்பார்ப்பார். நான் திரையின் கறுப்புப் பின்னணியை வான நீலமாக்கி அந்தக் கோபுரத்தின் கோப்பைத் திறப்பேன். அவர் திரையை நோக்கிக் கையை நீட்டுவார்.

"கடல் பக்கமாத் திருப்புங்கோ. இன்னும் தள்ளி... ஓம், உதிலை நிப்பாட்டுங்கோ. இனிக் கரைதான்."

அந்தக் கோப்பில் மட்டும் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருக்கிறேன். அவரும் இதுவரை வெடிப்பு எங்கே என்று கேட்கவில்லை.