எலிஹியோ துயூப் மாற்றிச் சொன்ன கதை

எலிஹியோ துயூப் ஒன்பது வருஷம் ஒரே கதையைச் சொன்னான். அத்தனை வருஷமும் வேனை ஓட்டியவன் நான் என்பதால் எனக்கும் அது மனப்பாடம். காலை எட்டு மணிக்குச் சுற்றுலாக் கூட்டத்தோடு மெக்சிகோவின் மெரிதா நகரிலிருந்து கிளம்புவோம். பத்து மணிக்குப் பழைய நகரத்தின் இடிபாடுகள், ஒரு மணிக்குப் பாறைக்குள் இருக்கும் கேணியில் குளியல், பிறகு சாப்பாடு. பெரிய கோபுரத்தின் அடியில் எல்லோரையும் நிழலில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, ஸ்பானிஷில், "இவ்வளவையும் கட்டிய மாயர்கள் ஒருநாள் மர்மமாக மறைந்துபோனார்கள்" என்பான். சற்று நேரம் பேசாமல் நிற்பான். கூட்டம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்.

அவன் தாய்மொழியே மாயாதான். பள்ளியில் அதைப் பேசியதற்காக வெயிலில் நின்றவன். பதினேழு வயதில் கடற்கரை நகரமான கான்குனுக்குப் போய் ஹோட்டல்களில் நீச்சல்குளம் கழுவினான். துயூப் என்ற குடும்பப்பெயர் வாயில் நுழையவில்லை என்று அங்கே ஒரு மேலாளர் சொன்னார். அன்றிலிருந்து சட்டையில் குத்தும் அட்டையில் 'எலிஹியோ' மட்டும்தான். ஊருக்குத் திரும்பி வழிகாட்டி வேலை கிடைத்ததும், முதலாளி கொடுத்த நாலு பக்கத்தை எழுத்துப் பிசகாமல் படித்துக்கொண்டான்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேணிக்கரையில் சமைக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக எலிஹியோவின் அண்ணி நிடெல்வியாவைக் கூப்பிட்டிருந்தார்கள். வழியில் அவள் ஊரில் வேனை நிறுத்தினோம். ஒரு வாளி சோள மாவோடு ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். இடிபாட்டை முடித்துக்கொண்டுதான் கேணிக்குப் போவோம். வண்டிச் சூட்டில் மாவு புளித்துவிடும் என்று வாளியை வாசல் காவலாளியின் பக்கத்தில் நிழலில் வைத்துவிட்டு, அவளும் எங்களோடு உள்ளே வந்தாள்.

கோபுரத்தடியில் எலிஹியோ வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினான். மறைந்துபோனார்கள் என்றான். நிறுத்தினான்.

"ஏன் தம்பி, நாம எப்போ மறைஞ்சோம்?" என்று மாயாவில் கேட்டாள் நிடெல்வியா. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. விடியக்காலம் எந்திரிச்சு அந்த மாவை அரைச்சது யாரு, பேயா?"

"அண்ணி, சும்மா இருங்க. வேலை நடக்குது."

"அட்டையில துயூப்பைக் காணோமே. அதுவும் மர்மமா மறைஞ்சுபோச்சா?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். வந்திருந்தவர்கள் ஸ்பெயின்காரர்களும் அர்ஜென்டினாக்காரர்களும். அவர்களில் ஓஃபெலியா என்ற ஓய்வுபெற்ற டீச்சர், "அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார்.

"வெயில் அதிகமா இருக்குதாம்."

அண்ணிக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே!" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பானிஷில்.

எலிஹியோவுக்குக் காது சிவந்துவிட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பிறகு அவள் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஸ்பானிஷில் சொன்னான், பேயையும் பெயர் அட்டையையும் சேர்த்து. கூட்டம் சிரித்தது. ஓஃபெலியா சிரிக்கவில்லை.

"அப்போ நீங்க மாயரா?"

"ஆமாம்மா. நான், இவங்க, வேன் ஓட்டுற அவன், வாசல்ல சீட்டுக் கிழிக்கிறவரு, எல்லாருந்தான்."

"அப்புறம் ஏன் மறைஞ்சுட்டாங்கன்னு சொன்னீங்க?"

"அப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க" என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். நாங்கள் பின்னால் போனோம்.

ஒரு பழைய கல் கட்டடத்தின் வாசல் முன் நின்றான். அதன் மேலே கல்லில் ஒரு குடிசை செதுக்கியிருக்கிறது, ஓலைக்கூரையோடு. தாளில் இல்லை என்பதால் ஒன்பது வருஷமாகத் தாண்டிப்போன வாசல்.

"எங்க அண்ணியோட அடுக்களை இப்படித்தான் இருக்கும்" என்றான்.

"என் கூரை ஒழுகும். இது ஒழுகலை" என்றாள் நிடெல்வியா.

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. ஆணியில்லாமல் கொடியால் கூரை கட்டுவதை அவள் விரல்களால் முடிச்சுப் போட்டே காட்டினாள். மழை பொய்த்தபோது ஜனங்கள் நகரத்தை விட்டுச் சோளக்காடுகளுக்குப் போனதை அவன் சொன்னான். தன் பாட்டனார் இன்னமும் மழைக்குப் படையல் வைப்பதையும் சொன்னான். கேணிக்குப் போய்ச் சேர இரண்டரை மணியாகிவிட்டது.

மரப்படிகளில் இறங்கினால் வேர்கள் தொங்கும், கீழே நீலத் தண்ணீர். குதிக்கப் பயந்து மேடையில் நின்றவர்களுக்கு எலிஹியோ மாயாவில் எண்ணச் சொல்லிக்கொடுத்தான்: ஹூன், காஅ, ஓஷ். ஓஷ் என்றதும் ஓஃபெலியா டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கரையில் உட்கார்ந்து நேரம் பார்ப்பதே வழக்கமாக இருந்தவன், கடிகாரத்தைக் கழற்ற மறந்து அவர் பின்னால் குதித்தான்.

வந்தவர்களில் ஒருவர், பயணத்தில் மர்மம் போதவில்லை என்று புகார் எழுதிவிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தாள்ல இருக்கறத மட்டும் சொல்லு, எலிஹியோ."

"அதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. என்னால இனி முடியாது."

எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவன். முதலாளி பேனாவைத் திருகி மூடிவிட்டு, ஒரு மாசம் பார்க்கலாம் என்றார்.

அந்த மாசம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. மறைந்துபோன கதையைக் கேட்கத்தான் சிலர் வந்தார்கள். முதலாளி முடிவெடுப்பதற்குள், டிசம்பரில் ஓஃபெலியாவின் சிநேகிதிகள் எட்டுப்பேர் வந்து இறங்கினார்கள். பிறகு போனில் ஆட்கள் அவன் முழுப்பெயரைச் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள். நிடெல்வியாவைத் திரும்ப அழைத்தோம். "ஒருநாள் வந்ததுக்கே இவ்வளவு கலாட்டா. எனக்கு வேலை இருக்கு, போங்க" என்றுவிட்டாள்.

எலிஹியோ இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் மாயாவை எழுதக் கற்றுக்கொள்கிறான். பேசத் தெரிந்தவனுக்கு எழுத்து ஏன் இவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் புலம்புகிறான். கூட்டம் கூடிவிட்டதால் முதலாளி பெரிய வண்டி ஒன்று எடுத்திருக்கிறார். பின்பக்கம் நீளம். கேணிக்குத் திரும்பும் வளைவில் அதை ஒடித்துத் திருப்ப எனக்கு இன்னும் பழகவில்லை.