இரண்டுக்கு முன் வந்த மூன்றாம் கட்டு

சஸ்பென்ஸ் கதையை நாலு துண்டாக அறுத்துப் படிக்கிற கூட்டம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை. சென்னையிலிருந்து வரும் தடித்த புத்தகம் ஒன்றை வாங்குவதற்குள் மூச்சு முட்டிவிடுகிறது. படிக்கிறவர்களோ நாலு பேர். ஒருவர் முழுதாக முடித்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால், கடைசி ஆளுக்குப் புத்தகம் போய்ச் சேரும்போது முதல் ஆள் கதையையே மறந்திருப்பார். அதனால் பதுளை பஜாரில் புத்தகக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகம் வந்த அன்றே முதுகைப் பிரித்து, நாலு கட்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் பிரவுன் பேப்பர் அட்டை போட்டுவிடுவார். ஒருவர் இரண்டாம் கட்டில் இருக்கும்போது அடுத்தவர் முதல் கட்டைத் தொடங்கலாம். புத்தகத்தை மதிக்கிறவர்கள் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். எனக்கும் முதலில் பார்க்கப் பொறுக்கவில்லை, பிறகு பழகிவிட்டது.

எல்லோரும் எல்லாக் கட்டையும் முடித்த பிறகு, பௌர்ணமிக்கு விடும் ஒரு போயா விடுமுறையில் நானாவின் கடை மாடியில் கூடுவோம். தேநீரும் மீன் வைத்த மாலு பனிஸும் நானாவின் செலவு. ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்லவேண்டும். நானா எந்தக் கதையையும் இழுவை என்பார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்கு வந்த இடத்தில் பதுளை பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். அவர் எந்தக் கதையிலும் பிழை பிடிப்பார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர், ஆகவே எனக்குத் தெரிந்தது திருத்துவது ஒன்றுதான்.

நாலாவது ஆள் என் சிநேகிதி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாய் ஒட்டிக்கட்டிய ஒரே லயத்தில் இருவரும் வளர்ந்தோம். நான் டவுனுக்கு இறங்கிவிட்டேன், அவள் அங்கேயே இருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரம் அவளுடைய வாசிப்பு நேரம். நான்தான் அவளைக் கூட்டத்தில் சேர்த்தேன். அவளுக்குப் போகவேண்டிய கட்டுகளை நமுனுகுல பஸ் கன்டக்டரிடம் கொடுத்தால், தோட்டத்துச் சந்தியில் இறக்கிவைத்துவிட்டுப் போவார். பாவம், அந்த மனிதருக்கு நாங்கள் ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

அவளுக்கு ஒரே மகன். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் வளர்த்தாள். அவன் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் வேலையில் இருந்தான். ஸ்டோரிலிருந்து ஒரு கேன் மருந்தை எடுத்து வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். பிடிபட்டான். தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வாசலில் இவள் நின்று கெஞ்சியதை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். ரிமாண்டில் இருந்து வெளியே வந்தவனை, வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். அவன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய்விட்டான். அப்புறம் தீபாவளிகள் வந்தன, போயின. லயத்தில் பக்கத்து வீடுகளில் கொழும்புப் பிள்ளைகள் பையும் கையுமாக வந்து இறங்குவார்கள், இவள் வீட்டில் கதவு சாத்தியிருக்கும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் பிடிவாதத்துக்கு முன்னால் நமுனுகுல மலை கூடக் கொஞ்சம் அசையும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. வெளிநாட்டுக் கதை, தமிழில் பெயர்த்தது. ஒரு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து யுத்தத்துக்கென்று செய்த விஷவாயு திருட்டுப் போகிறது. குப்பி என்னவோ ஒரு சின்னச் சுடுதண்ணிப் போத்தல் அளவுதான். உடைந்தால் ஊரே சாகும். முதல் கட்டில் திருட்டு தெரியவருகிறது, திருடியவன் யாரென்று தெரியாது. இரண்டாம் கட்டில் அது அங்கே தரை துடைக்கும் ஒருவன் என்று தெரிகிறது. குப்பியை அவன் விற்ற இடத்திலிருந்து கொஞ்சம் வாயு கசிந்து ஒரு ரயில் பெட்டி முழுதும் சனம் சாகிறது. மூன்றாம் கட்டில் அவன் காய்ச்சல்காரச் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடுகிறான், ஆற்றங்கரையில் சுடப்பட்டுச் சாகிறான். நாலாம் கட்டில் கதாநாயகன் குப்பியைக் கண்டுபிடித்து உலகத்தைக் காப்பாற்றுகிறான்.

ஐயா அந்த நேரம் பார்த்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணம் போனார். போனவர் இரண்டாம் கட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேலே தோட்டத்தில், முதல் கட்டை முடித்துவிட்ட என் சிநேகிதி கையில் படிக்க ஒன்றும் இல்லை. நானாவுக்கு மனம் கேட்கவில்லை. அவரும் நானும் முடித்துவைத்திருந்த மூன்றாம் கட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பக்க எண்ணைப் பார்த்தால் வைத்திருந்து பிறகு படிப்பாள் என்று அவர் கணக்கு. அவளும் பக்க எண்ணைப் பார்த்தாள்தான். டவுன் ஆட்கள் ஏதோ காரணமாகத்தான் இப்படி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்து படித்துவிட்டாள். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஐயா திரும்பி வந்து மிச்சக் கட்டுகளும் சுற்றி முடிந்து, கூட்டம் வைத்த போயாவுக்கு அவள் காலை பஸ்ஸிலேயே வந்தாள். என் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு இருவரும் பஜாருக்கு நடந்தோம். பாலத்துக்குப் பக்கத்தில் வரும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"மகனுக்கு போன் பண்ணினேன் புள்ள. தீவாளிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

எனக்கு நடுவீதியில் அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. என்ன சொன்னான் என்று கேட்டேன். அழுதானாம். திடீரென்று இவளுக்கு எப்படி மனம் இளகியது என்று நான் கேட்கவில்லை. பெற்ற மனம் பித்து என்று எல்லோரும் சொல்வதையே நானும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மாடியில் வழக்கம் போலக் கச்சேரி களைகட்டியது. போலீஸ்காரர்கள் எல்லோரும் மடையர்கள், இந்தக் குப்பியை என் கடைப் பையனே கண்டுபிடித்திருப்பான், இருநூறு பக்கம் அநியாயம் என்றார் நானா. வாயு அப்படிப் பரவாது, கதை எழுதினவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஐயா ஒரு விரிவுரையே நடத்தினார். ஊர் சாகப்போகிற நேரத்தில் கதாநாயகன் நின்று நிதானமாகக் காதலிக்குப் பிரசங்கம் செய்கிறானே, அவனுக்குப் பஸ் பிடிக்கிற அவசரம் கூட இல்லையே என்றேன் நான். திருடனைப் பற்றி எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து. அத்தனை சனத்தைக் கொன்றவனுக்கு அந்தச் சாவு போதாது.

அவள் பனிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கருத்து என்ன என்று ஐயா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு அவனப் பாத்தாதாங்க பாவமா இருந்துச்சு. புள்ளயத் தூக்கிக்கிட்டு மழையில ஓடுறானே. அவன் செத்த பொறகு அந்தக் குப்பி கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்னன்னு ஆயிருச்சு."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தத் திருடன் செத்ததைப் படித்துத்தான் மகனுக்கு போன் பண்ணியிருக்கிறாள். ஆனால் மற்ற இருவருக்கும் அவள் வீட்டுக் கதை தெரியாது. ரயிலில் செத்த சனத்துக்காக அழாமல் கொன்றவனுக்காக அழுகிறாளே என்று ஐயாவுக்கு ஆச்சரியம். பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வந்தவர், இரண்டாம் கட்டுக்கு முன்னாலேயே மூன்றாம் கட்டை அவள் படித்துவிட்டாள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கதையில் வரும் துப்பறிவாளன் தோற்றான். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அதுதானே பாத்தன். ஒழுங்கு மாறி வாசிச்சா, பிள்ளை, மனம் பிழையான இடத்திலதான் போய் நிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். நானா தலையில் அடித்துக்கொண்டு தன் பிழை என்றார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முட்டாள்தனமாக அழுதுவிட்டோம் என்று வெட்கப்பட்ட சிரிப்பு அது. நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அவள் மகன் கதையை அந்த மாடியில் விரித்துப் போடவேண்டி வரும், அதற்கு நான் யார் என்று வாயை மூடிக்கொண்டேன். பேச்சு அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டது.

நல்ல மனிதர்கள் அவர்கள். அந்த நல்ல மனம்தான் எங்களைக் கெடுத்தது. நானா நாலு கட்டையும் வாங்கி, ஒழுங்கு பார்த்து, தையல் போட்டு, கெட்டி அட்டை ஒட்டி, முழுப் புத்தகமாக்கி அவளுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். இந்த முறை முதலில் இருந்து வாசியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அறுத்த புத்தகத்தை அவர் திரும்ப ஒட்டியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவளும் சொன்ன பேச்சுக் கேட்கிற மாணவி போல முதலில் இருந்து படித்தாள்.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள் போனில் பேசினாள். புத்தகத்தை முடித்துவிட்டாளாம். நாங்கள் சொன்னதுதான் சரியாம். இந்தத் தடவை அவன் ஓடும்போது இவளுக்கு ரயிலில் கிடந்த பிள்ளைகள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்களாம். பிறகு மகனைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"எம்மவன் வித்த கேன் யாரு கையில போயி என்னா ஆச்சோ. எந்த வீட்டுப் புள்ள எடுத்துக் குடிச்சுச்சோ. யாருக்குத் தெரியும்?"

அப்படி எதுவும் நடக்கவில்லை, நடந்திருந்தால் ஊர் பேசியிருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். ம் என்றாள். அவனை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறாய் என்றால் நான் உன்னோடு பேசமாட்டேன் என்று கூட மிரட்டினேன். அதற்கும் ம் என்றாள். அந்த ம் சம்மதம் என்று நம்பி போனை வைத்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் என் வீட்டு வாசலில் அவள் மகன் நின்றான். மழையில் நனைந்து, மெலிந்து, மீசை வைத்து, அடையாளமே மாறியிருந்தான். கொழும்பு பஸ் பண்டாரவளைக்கு வரும்போது அம்மாவிடமிருந்து போன் வந்ததாம். வராதே என்று ஒரே சொல்லாம். நான் குடையை எடுத்துக்கொண்டேன். வா, நானே கூட்டிப்போகிறேன், உன்னைப் பார்த்தால் அவள் வாய் திறக்கமாட்டாள் என்றேன். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன்.

"அம்மா வரச் சொன்னப்ப வந்தேன் டீச்சர். வேணாம்னு சொன்னா போயிறணும். மறுபடி அவங்கள எல்லார் முன்னாலயும் நிக்க வைக்க மாட்டேன்."

அம்மாவுக்கென்று வாங்கிவந்த சேலை இருந்த பையை மேசையில் வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு அடுத்த நமுனுகுல பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். வழி முழுவதும் அவளை என்னவெல்லாம் கேட்கலாம் என்று சேர்த்துக்கொண்டே போனேன்.

லயத்தில் எல்லா அடுப்பிலும் பலகாரம் வெந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. பையைப் பார்த்ததுமே யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பஸ் நிலையம் வரை வரவழைத்துத் துரத்துகிறாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"கதையில அவனுக்காக அழுததெல்லாம் முன்னுக்குப் பின்னாப் படிச்சதால வந்த தப்புன்னு நீங்கதான சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சீங்களே. படிச்சவங்க நீங்க, சரியாத்தான் இருக்கும்னு மனசக் கல்லாக்கிக்கிட்டேன்."

நான் கொண்டுபோன கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நீ அழுததில் எந்தத் தப்பும் இல்லை, நீதான் அந்தக் கதையைச் சரியாகப் படித்தாய், நாங்கள் மூன்று பேரும்தான் தப்பாகப் படித்தோம் என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே புள்ள."

அவன் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். போனை நிறுத்தி வைத்திருந்தான். அவன் ஏறிய பஸ் அந்நேரம் கொழும்புப் பாதையில் அப்புத்தளையைத் தாண்டியிருக்கும்.