கௌஸ் பாய் பட்டறையில் என் எஞ்சின்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். நானும் என் மனைவி உஷாவும், என் அப்பா ஓட்டிய அம்பாசடரும். திருவண்ணாமலை நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் என் சகலை முரளியின் வண்டியைப் போலவே என் வண்டியையும் ஆக்கிக்கொண்டு வரத்தான் போனேன்.

முரளி, உஷாவின் தங்கையைக் கட்டியவர். திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். அவரிடமும் ஒரு பழைய அம்பாசடர், அதே சந்தன நிறம். மூன்று வருஷத்துக்கு முன் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார், ஏசியும் போட்டார். வெள்ளைக்காரர்கள் அந்த வண்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதும், அவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், மாமனார் ஒவ்வொன்றுக்கும் கைகூப்புவதும் வாராவாரம் நடக்கும். என் வண்டி படத்துக்கு ஒரு கட்டைவிரல்கூட விழுந்ததில்லை. வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்த மாதம் என் மச்சினன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு யார் வண்டி என்று மாமனார் இன்னும் சொல்லவில்லை. மூத்த மாப்பிள்ளை நான். அது என் வண்டியாக இருந்தே ஆக வேண்டும்.

எட்டரை மணிக்குச் செஞ்சிக்கு வெளியே ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. எதிரே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய், அறிவுரை இலவசம்.

"ஆறட்டும் சார். ஒடனே மூடிய தொறந்துடாதீங்க" என்றார் கடைக்காரர்.

"வண்டிய விட இவருக்குத்தான் சூடு ஜாஸ்தி" என்றாள் உஷா. "முரளி இப்ப எதிர்ல வந்தா அவரு மேலயே ஆவி அடிக்கும்."

பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூர், மாமனார் ஊர். வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மாமனார் களத்தில் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னிக்கு எங்க நின்னுச்சி?"

"செஞ்சியில மாமா."

"ஊர்வலத்துல நின்னுட்டா ஜனம் சிரிக்கும். முரளி வண்டி நிக்கறதில்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குத் திருவண்ணாமலையில், அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் கௌஸ் பாய் பட்டறை. முரளியின் வண்டிக்கு எஞ்சின் மாற்றியவர் அவர்தான். பானெட்டைத் திறந்து, ஓடவிட்டுக் கேட்டார்.

"ரீபோர் பண்ணி ரிங் மாத்தினா நல்லா ஓடும் சார். தூக்கணும்னு இல்ல."

"தூக்கிடுங்க பாய். முரளி வண்டில இருக்கற அதே எஞ்சின், அதே ஏசி."

"பழச என்னா பண்றது?"

"நீங்களே வெச்சிக்கிங்க. கூலிய கம்மி பண்ணுங்க."

எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று முடிவாயிற்று. வேலை முடியும் வரை முரளி வீட்டு மாடி அறையில் தங்கினோம். வாடகை வாங்க மாட்டேன் என்று அவர் சொன்னதுகூட எனக்குப் பீற்றலாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. வேலை பார்த்த எஞ்சினைக் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று விட்டுப் பார்க்காமல் கௌஸ் பாய் யாரிடமும் சாவி தருவதில்லை.

"பதினாலு கிலோமீட்டர். வேகமா போவ முடியாது, ஜனம் நடந்துகினு இருக்கும். எஞ்சினுக்கு அதான் நல்லது" என்றார். "பௌர்ணமின்னா வண்டிய உள்ள விட மாட்டாங்க. அதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் அவசரப்பட்டேன்."

மலை வலப்பக்கம் இருக்க, நான் ஓட்டினேன். பக்கத்தில் கௌஸ் பாய், பின்னால் முரளி. அடி அண்ணாமலையில் நிறுத்தி, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பாய் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"எப்படி முரளி?"

"என் வண்டி மாதிரியே இருக்குண்ணா."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முரளியின் முகத்தில் பொறாமையின் சாயல் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஆள் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தார். அது கொஞ்சம் உறுத்தியது.

பட்டறைக்குத் திரும்பினால், மேசைமேல் என் பழைய எஞ்சின் பிரித்துக் கழுவி வைத்திருக்கிறது. பக்கத்தில் புது ரிங்குகள். காலையில் வெறுமனே கிடந்த மூலையில் இப்போது பட்டறைப் பையன்கள் ஓட்டிவந்து விட்ட முரளியின் வண்டி, பானெட் திறந்து நிற்கிறது.

"என்ன பாய் இது?"

கௌஸ் பாய் முரளியைப் பார்த்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேண்ணா" என்றார் முரளி. "வெள்ளக்காரங்க பானெட்ட தொறக்க சொல்லி பாக்கறாங்க. உள்ள டீசல்னு தெரிஞ்சதும் மூஞ்சி சுருங்கிடுது. என் பழச அப்பவே எடைக்குப் போட்டுட்டேன். உங்க வண்டி தெருமுனையில வரும்போதே அந்த சத்தம் கேக்கும் பாருங்க, எனக்கு வயிறு எரியும்ணா. நீங்க வேணாம்னுட்டீங்கன்னு பாய் சொன்னாரு. ஒடனே ஓடியாந்துட்டேன்."

வைத்துக்கொள்ளுங்கள் என்று என் வாயாலேயே சொன்னதை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். செஞ்சியில் நிற்கவில்லை, வண்டிக்கு நிற்கவேண்டிய தேவையே இல்லை. ஏசி குளிர்ந்தது. எங்கள் தெருவில் இதே போல் டீசல் சத்தத்தோடு ஓடும் வண்டிகள் இருபதாவது இருக்கும். திரும்பிப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். திண்டிவனம் நெருங்கும்போது மாமனார் அழைத்தார். உஷா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்ள, முரளி பழைய எஞ்சினே போடறாராமே. அப்ப ஊர்வலத்துக்கு அவரு வண்டிதான். அந்தக் காலத்து சத்தம், தெருவே திரும்பிப் பாக்கும்."

"வழியில நின்னுட்டா மாமா?"

"நின்னா என்னா, பின்னாடியே நீங்க வருவீங்க இல்ல. உங்க வண்டில கயிறு கட்டி இழுத்துக்கலாம்."